மூஞ்சி முள்ளை விட நெஞ்சு முள்ளைப் பாருங்கள்

மரவள்ளியில் கிழங்கு இறங்கிவிட்டால் எங்கள் தோட்டத்துக்கு முள்ளம்பன்றி வராத ராத்திரி குறைவு. தேனி மாவட்டத்தில் மலையடிவாரம். காவலுக்கு ஒரு கோம்பை நாய் இருக்கிறது, செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி. வேட்டை நாய் என்பது இனத்துக்குத்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அதற்கு இங்கே காவல் மட்டும்தான் வேலை. இதை நாய்க்கு யார் சொல்வது?

வரப்புக்கு அந்தப் பக்கம் கலகலவென்று முள் குலுங்கும் சத்தம், அதற்கு மேல் எங்கள் நாயின் அலறல். டார்ச் அடித்துப் பார்த்தால் உதடு, மூக்கு, முன்னங்கால் எல்லாம் முள். ஒரு முள் அக்குளுக்குப் பக்கத்தில் நெஞ்சில் ஏறியிருந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் அது சேர்ந்து அசைந்தது.

சித்தப்பா கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். "ஏப்பா, முள்ள பாதியில வெட்டிட்டா காத்து போயிரும், லேசா உருவிரலாம்." ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் வெட்டினால் முள் சிம்பாகும், பிடித்து இழுக்க நீளமும் இருக்காது. அவரைச் சமாளித்து, மாட்டு டாக்டரிடம் கொண்டுபோக நாயை வண்டியில் ஏற்றினோம். வழி முழுக்க முன்னங்கால் இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன். விட்டால் மூஞ்சியைப் பிராண்டி முள்ளை உள்ளேயே ஒடித்துவிடும். வாய்க்குள்ளும் முள் இருந்ததால் வாயைக் கட்டவில்லை. கடி வாங்காமல் இருக்கக் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டேன்.

டாக்டர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று. மயக்க ஊசிக்கு நாய் வாந்தி எடுக்கும், அது மூச்சுக்குழலில் போய்விடக் கூடாது. மூஞ்சியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். அப்புறம் எக்ஸ்ரே. முள் அதில் சரியாகத் தெரியாது, ஆனால் நெஞ்சுக்கூட்டில் காற்று சேர்ந்திருந்தால் தெரியும் என்றார். நல்ல வேளை, முள் விலா எலும்பில் சறுக்கித் தோலுக்கடியிலேயே நின்றிருந்தது. உள்ளே போயிருந்தால், தோட்டத்தில் வைத்து அதை உருவியதுமே ஓட்டை வழியாகக் காற்று ஏறி நுரையீரல் சுருங்கியிருக்கும்.

முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை. பின்பக்கமாகப் பாய்ந்து இடிக்கும். முதுகில் விரியும் நீள முள் மிரட்டத்தான். அதற்கடியில் மறைந்திருக்கும் குட்டையான தடித்த முள்தான் குத்துவது. வீடியோக்களில் பெரும்பாலும் காட்டுவது வட அமெரிக்க முள்ளம்பன்றியை. அந்த முள்ளின் நுனியில் பின்நோக்கிய செதில்கள் உண்டு, சதைக்குள் நகர்ந்துகொண்டே போகும். நம் ஊர் முள் வழுவழுப்பு, ஆனால் கடப்பாரை மாதிரி ஆழமாக இறங்கும். எத்தனை முள் என்பதைவிட எங்கே, எவ்வளவு ஆழம் என்பதுதான் இங்கே கேள்வி.

மயக்கம் ஏறியதும் வேலை சீக்கிரம் நடந்தது. ஃபோர்செப்ஸால் முள்ளின் அடியில், தோலை ஒட்டிப் பிடித்து, அது ஏறிய கோட்டிலேயே நேராக வெளியே இழுத்தார். ஒவ்வொன்றின் நுனியையும் வெளிச்சத்தில் காட்டி, முழுசா என்று பார்த்து தட்டில் போட்டார். நாக்கின் அடி, அண்ணம், விரல் இடுக்கு எல்லாம் தடவித் தேடினார். துளைகளைத் தைக்கவில்லை. அழுக்கு வெளியே வரட்டும் என்று அயோடின் விட்டுக் கழுவித் திறந்தே விட்டார். ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் எழுதினார். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ புரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு விஷம் என்று இரண்டு தடவை சொன்னார்.

தட்டில் கிடந்த கறுப்பு வெள்ளை முள்ளைப் பார்த்து, அங்கே மாட்டோடு வந்திருந்த ஒருவர் சீமந்தத்தில் வகிடு எடுக்க ஒன்று வேண்டும் என்றார். சட்டப்படி சிக்கல் என்று டாக்டர் தரவில்லை.

வீட்டில் கஞ்சிதான் சாப்பாடு. காலையும் மாலையும் துளைகளைக் கழுவி, ஈ அண்டாமல் ஸ்பிரே அடித்தோம். நம் வெயிலுக்குப் புண்ணில் புழு வைக்க ஒரு பகல் போதும். எல்லாம் ஆறின பிறகு தோள்பட்டையில் ஒரு கட்டி எழும்பியது, தொட்டால் சூடு. கீறினால் சீழோடு ஒரு முள் நுனி வந்தது. உள்ளேயே ஒடிந்ததை எந்தக் கையும் கண்டுபிடித்திருக்க முடியாது, அதனால் ஒரு மாதமாவது உடம்பைத் தினமும் தடவிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போது இருட்டினதும் அவனைக் கொட்டகையில் கட்டிவிடுகிறோம். மரவள்ளிக்கு அடிப்பக்கம் தகரம் பதித்து வேலி போட்டாயிற்று.