அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று

மார்ச் 3, திங்கள்

இரவு போனில் பதினான்கு செஸ் ஆட்டம். எல்லாமே புல்லட், ஆளுக்கு மொத்தம் ஒரே நிமிடம். ஏழில் எனக்குக் கறுப்பு. அதில் ஸ்டாஃபோர்டு, ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துப் பொறி வைக்கும் ஆட்டத் திறப்பு, அமைந்தது மூன்றில்தான். மூன்றிலும் ஜெயித்தேன்.

அது அமைவது என் கையில் இல்லை. வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இ4 கட்டத்தில் வைக்க வேண்டும், நான் இ5. குதிரை எஃப்3, நானும் குதிரை எஃப்6. அவர் என் இ5 சிப்பாயை எடுத்தால்தான் ஆட்டமே. ஒழுங்காக விளையாடுபவர்கள் அங்கே டி6 வைத்து அந்தக் குதிரையைத் துரத்துவார்கள். நான் சி6-இல் என் குதிரையைக் கொண்டுபோய் நீட்டுகிறேன். அவர் எடுக்கிறார், நான் டி சிப்பாயால் திருப்பி எடுக்கிறேன். ஒரு சிப்பாய் போச்சு. பதிலுக்கு என் ராணிக்கு டி ஃபைல், அந்த நெட்டு வரிசை, திறந்துவிட்டது, இரண்டு பிஷப்புக்கும் வழி விட்டாயிற்று. எனக்கு அது போதும்.

மார்ச் 4

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா தண்ணீர் கேட்டார். ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் நேரம் தீர்ந்துவிட்டது. பரவாயில்லை.

மார்ச் 5

இன்று ஆடியவற்றில் ஒன்றை மட்டும் எழுதி வைக்க வேண்டும்.

ஐந்தாவது மூவில் அவர் டி3 வைத்தார். நான் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவந்தேன். அதுவரை எல்லாவற்றையும் அவர் அரை விநாடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆறாவது மூவில் நின்றுவிட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் 57. பிறகு 56. 55. போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பதால் அந்த எண்ணைப் பார்க்கவே கண்ணை இடுக்க வேண்டியிருந்தது. 51. எங்கேயோ இருக்கும் ஓர் ஆள், ஒரு சிப்பாய் லாபத்தில் இருப்பவர், ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிட்டார். எது என்றுதான் தெரியவில்லை. அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் நான் இதை விளையாடுகிறேன். 48. 47. 46.

பிஷப் ஜி5. என் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிவிட்டதாக நினைத்தார்.

குதிரையால் இ4 சிப்பாயை எடுத்தேன். அவர் பிஷப்பால் என் ராணியை எடுத்தார். எடுக்கத்தான் செய்வார்கள். என் பிஷப் எஃப்2-வில் செக். ராஜா போக ஒரே ஒரு கட்டம், இ2. இன்னொரு பிஷப் ஜி4-க்கு வந்தது, மேட். எட்டே மூவ். டி1-இல் அவர் ராணி, எஃப்1-இல் அவர் பிஷப், டி3-இல் அவர் சிப்பாய், மூன்றும் வைத்த இடத்தில் அப்படியே நிற்கின்றன. அவர் ராஜாவுக்கு வழியை அடைத்ததில் பாதி அவருடைய காய்கள்தான்.

ரொம்ப நேரம் அந்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் என்னிடம் 52 விநாடி மிச்சம்.

மார்ச் 6

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். நாலாவது மூவ் முடிந்ததுமே வெள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு சிப்பாய் அளவு மேல் என்கிறது. காயாகப் போனது ஒன்றுதான், மீதி என் நிலையில் இருக்கும் பலவீனம்.

எனக்கு இது புதிதும் இல்லை. இந்தத் திறப்பு தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். யூடியூபில் எரிக் ரோசன் விளையாடிக் காட்டித்தான் எங்களில் பாதிப் பேருக்கு இது வந்தது. அவரும் இதைச் சரியான திறப்பு என்று சொல்லி விற்கவில்லை. ஆனால் எஞ்சின் சொல்வது ஓர் எண். அந்த எண் ஏன் அப்படி என்று எதிராளி தன் கையால் ஆடிக் காட்ட வேண்டும், அதுவும் அறுபது விநாடிக்குள், ஆட்டம் நாற்பது மூவ் போனால் ஒரு மூவுக்கு ஒன்றரை விநாடி என்ற கணக்கில். எண்ணுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் அந்த இடைவெளி இருக்கிறது. அதில் ஒருவர் தடுமாறலாம். நான் பிழைக்கலாம்.

அக்கா போனில் ஓர் எண் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 7

ஹெச்2. இன்று மூன்று முறை ஹெச்2.

(அவசரமாக ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கி ‘காசில்’ செய்தவர்கள். ஹெச்5 தள்ளி, குதிரை ஜி4, அவர்கள் ஹெச்3 என்று துரத்த, நான் ராணியை டி6-இல் வைத்துக் குதிரையை அப்படியே விட்டுவிட வேண்டும். அதை எடுத்தால் சிப்பாயால் திருப்பி எடுக்கிறேன், மூலையில் இருந்து யானைக்கு ஹெச் ஃபைல் முழுக்கத் திறந்துவிடுகிறது. ராணி ஹெச்2-வில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. மூவருமே எடுத்தார்கள்.)

மார்ச் 8, சனி

தோல்வி. தோல்வி. தோல்வி. ஒரு டிரா. தோல்வி.

ஒரே ஆளிடம் நாலு. ஐந்தாவது மூவில் எஃப்3 வைக்கிறார். அவ்வளவுதான். அழகே இல்லாத மூவ், எந்தக் காயும் வெளியே வரவில்லை, சொந்தக் குதிரை நிற்க வேண்டிய கட்டத்தில் சிப்பாயை வைக்கிறார். ஆனால் அதோடு ஜி4 மூடிவிட்டது. என் குதிரைக்குப் போக்கிடம் இல்லை. இ4 சிப்பாய்க்கும் காவல் ஆகிவிட்டது. அப்புறம் சி3, டி4 என்று நிதானமாக வந்து என் பிஷப்பைத் தள்ளுகிறார். ஒவ்வொரு மூவுக்கும் ஒரு விநாடிகூட எடுப்பதில்லை. யோசிப்பதே இல்லை. அவர் யோசிக்காத இடத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை.

மீண்டும் மீண்டும் அவரையே ரீமேட்ச் கேட்டேன். அவரும் ஒப்புக்கொண்டே இருந்தார். ரேட்டிங்கில் நிறையப் புள்ளி போய்விட்டது. கடைசியில் அழுதேன். அதற்காக இல்லை.

மார்ச் 9

தூக்கம் வராமல் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். லோவன்ஸ், ஸ்டாஃபோர்டு, 1950. அமெரிக்காவில் நடந்த ஆட்டம். எப்படி நடந்தது தெரியுமா? தபாலில்.

எதிராளியை அவசரப்படுத்த நாங்கள் ஒரு நிமிட ஆட்டத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பொறி, ஒரு மூவுக்கு நாள்கணக்கில் யோசிக்கும் ஆட்டத்தில் விழுந்திருக்கிறது. வெள்ளை இ5 தள்ளியிருக்கிறார். குதிரை இ4-க்குத் தாவுகிறது. அதைத் துரத்த டி3. பிஷப் சி5. டி சிப்பாய் குதிரையை எடுத்தால், பிஷப் எஃப்2-வில் செக். ராஜா அதை எடுத்தால் டி1-இல் ராணி காலி. எடுக்காமல் இ2-க்கு ஒதுங்கினால் இன்னொரு பிஷப் ஜி4-இல் செக், அப்போதும் ராணி காலி.

போர்டைப் போட்டு வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்த மனிதர் அந்த டி3-யை எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறார். அப்படியென்றால் நேரம் மட்டும் இல்லை. வியாழக்கிழமை நான் எழுதியது முழுக்கச் சரியில்லை. காலை வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் தபாலில் விளையாடியவர். ஓர் ஆட்டம் ஒன்றரை வருடம் ஓடியது என்பார். அட்டைகளைப் பார்த்திருக்கிறேன், வெறும் எண்கள். எட்டு ஃபைலுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை எண். மொழி தெரியாதவரோடும் ஆடலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. இ2-வில் இருந்து இ4 என்றால் 5254. சின்ன வயதில் அதை ஏதோ ரகசியச் சங்கேதம் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 10

இன்று விளையாடவில்லை. அப்பாவின் ரிசல்ட் நாளைக்கு வரும் என்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

வரவில்லை. வியாழன் என்கிறார்கள்.

இருபத்தியாறு ஆட்டம். ஒரு நல்ல ஆட்டம்: அவர் இ5, நான் குதிரை இ4, அவர் டி3 வைக்காமல் டி4 வைத்தார். தெரிந்தவர் போல. ராணியை ஹெச்4-க்குக் கொண்டுபோனேன், எஃப்2-வில் மேட் மிரட்டல். ஜி3 என்று தடுத்தார். குதிரையால் ஜி3-யையே எடுத்தேன். எஃப் சிப்பாயால் அவர் எடுக்க, ராணி இ4-இல் செக், மூலையில் யானை. ஹெச் சிப்பாயால் எடுத்திருந்தாலும் அதே யானைதான். இதை நான் யாரிடமும் கற்கவில்லை. அந்த நேரத்தில் கை தானாகப் போயிற்று. இவ்வளவு நாளில் முதல் தடவையாக ஒன்றைப் பார்த்து ஆடியது போல இருந்தது.

ப்ரீமூவை, எதிராளி வைக்கும் முன்பே என் மூவைப் போட்டு வைப்பதை, குறைக்க வேண்டும். டி சிப்பாயால் சி6-இல் திருப்பி எடுப்பதை மட்டும் முன்கூட்டியே போட்டு வைக்கலாம், அது ஆபத்தில்லை. அவர் எடுக்காவிட்டால் அதுவே ரத்தாகிவிடும். நான் ஆடும் தளங்களில், லிசெஸில் ப்ரீமூவுக்கு நேரமே போகாது, செஸ்.காமில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. மற்ற எல்லாவற்றையும் அவர் வைத்த பிறகு பார்த்துத்தான் வைக்க வேண்டும். பார்க்காமல் வைத்ததில்தான் நேற்று முன்தினம் ராணி போனது.

மார்ச் 12

அப்பா விழித்திருந்தார். மூன்று மணி. என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

"என்னம்மா, சிப்பாய் ஒண்ணு குறையுதே உனக்கு?"

போனைத் திருப்பிக் காட்டினேன். அந்த ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, முதலில் இருந்து நாலு மூவையும் போர்டில் வைத்துக் காட்டினேன். குதிரையை சி6-இல் நீட்டிய இடத்தில் புருவத்தை உயர்த்தினார். குதிரைக்குக் குதிரை என்று தொடங்கும் இந்தப் பெட்ரோவ் திறப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒன்பது வயதில். 'அவன் எடுத்தான்னு நீயும் உடனே இ4-ஐ எடுக்காதே' என்று ராணி இ2 பொறியைக் காட்டினார். குதிரை பயந்து ஓடியதும் அவர் குதிரை சி6-க்குத் தாவிச் செக்கும் கொடுத்து என் ராணியையும் பிடித்தது. அன்றைக்கும் அழுதேன்.

"வெள்ளை நான்தானா?" என்றார். ஆமாம் என்றேன்.

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். இருபது விநாடிக்கு ஒருமுறை திரை மங்கியது. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் ஓரத்தைத் தொட்டு எழுப்பினேன், காய் எதுவும் நகர்ந்துவிடாமல். கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன். அவர் கண் ஜி4-க்குப் போவது தெரிந்தது. எஃப்2-வுக்கு வந்தது. மீண்டும் ஜி4. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அறுபத்திரண்டு, அறுபத்து மூணு."

எனக்குப் பகீரென்றது. என்ன எண் கேட்டாரோ, யார் எதைச் சொன்னார்களோ என்று. நர்ஸைக் கூப்பிட எழுந்தேகூட விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஆறாவது ஃபைல். இரண்டில் இருந்து மூன்று. எஃப்2, எஃப்3.

"அந்தக் குதிரைக்கு ஜி4 விடக் கூடாதும்மா."

இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. சனிக்கிழமை ஆள் ஒரு விநாடிகூட எடுக்காத மூவ் அது. அந்த ஆளுக்கு அது பாடம், எங்கேயோ பார்த்து மனப்பாடம் செய்தது. அப்பா அதை இப்போது, இங்கே, தானாகக் கண்டுபிடித்தார். ஒரே மூவ்தான். ஆனால் இரண்டும் ஒன்று என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

விடியும் வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

போனில் வேண்டாம் என்றுவிட்டார், கண் கூசுகிறதாம். அக்கா காந்த போர்டைக் கொண்டுவந்தாள். ஒரு கறுப்புச் சிப்பாய் காணாமல் போயிருந்தது. எப்படியும் ஒன்று போய்விட்ட நிலைதானே, அதனால் எடுத்து வைக்கக் குறை தெரியவில்லை.

நான்: 6835. பிஷப் சி5. ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பதில் நாளைக்கு என்றார்.

டாக்டர்கள் வந்து பேசினார்கள். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் கதவருகே நின்றிருந்தேன்.

மார்ச் 14

3233. சி3. அடுத்து டி4 வரப்போகிறது என்று அவர் கை நடுங்கிய எழுத்திலேயே தெரிகிறது.

புல்லட் ஆடவில்லை. ஆடத் தோன்றவில்லை.

மார்ச் 15, சனி

இரவு முழுக்க அந்த நிலையையே பார்த்தேன். ஒரு மூவுக்கு இவ்வளவு நேரம் என் வாழ்நாளில் கொடுத்ததில்லை. ஜி4 மூடியிருக்கிறது, சரி. ஆனால் ஹெச்5 இருக்கிறது. ஓரத்தில் வைத்த குதிரை அசிங்கம் என்று அவரே திட்டுவார். ஆனாலும் ராணிக்கு ஹெச்4 கிடைக்கிறது. அவர் டி4 வைத்தால் நான் ராணி ஹெச்4 செக். ஜி3 என்று தடுத்தால் குதிரையால் அதை எடுக்கிறேன், அவர் ஹெச் சிப்பாயால் எடுத்தால் மூலை யானை என்னுடையது. ஆனால் அதற்குள் சி5-இல் என் பிஷப் அவர் சிப்பாய் வாயில் நிற்கிறது. அதையும் அவர் எடுப்பார். அதற்குப் பிறகு யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினில் போடவில்லை. போட மாட்டேன்.

காலை ஆறரைக்கு எழுதிக் கொடுத்தேன். 6685. பிரித்துப் படித்தார், போர்டைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். குதிரையை அவரே எடுத்து ஹெச்5-இல் வைத்தார். கொஞ்சம் கோணலாக, ஜி5-ஐயும் தொட்டுக்கொண்டு. நான் சரி செய்யவில்லை.

ஏழு மணிக்கு அழைத்துப்போனார்கள். போர்டு ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.

மார்ச் 16

யாரும் போர்டைத் தொட வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் மூவ்.