வைஃபையில் ஃபைல் காப்பி: 3 எம்பியிலிருந்து 60 எம்பி வரை வந்த வழி

லேப்டாப்பில் குடும்பப் படங்களும் வீடியோக்களுமாக 60 ஜிபி சேர்ந்துவிட்டது. அதை உள்ளறையில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே ரூட்டரில், இரண்டும் வைஃபையில். விண்டோஸில் ஃபோல்டரை ஷேர் செய்து இழுத்துப் போட்டால் நொடிக்கு 3 எம்பியைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கில் ஐந்தரை மணி நேரம் ஆகும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு எடுத்துப்போனால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். ஆனால் இனி வாராவாரம் பேக்கப் எடுக்க வேண்டும் என்பதால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் முதலில் செய்வது நெட் ஸ்பீட் டெஸ்ட். அதனால் இங்கே பயனே இல்லை. ஃபைல் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. 40 எம்பிபிஎஸ் பிளானாக இருந்தாலும் 300 எம்பிபிஎஸ் பிளானாக இருந்தாலும் ஒன்றுதான். அப்புறம், வைஃபை கணக்கெல்லாம் மெகாபிட்டில் வரும், காப்பி ஆகும்போது விண்டோஸ் காட்டுவது மெகாபைட்டில் (இங்கே எம்பி என்பது அதுதான்). மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் மெகாபைட்.

கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்’ (netsh wlan show interfaces) என்று கொடுத்தால் எந்த சேனல், எவ்வளவு சிக்னல், லிங்க் ஸ்பீட் (கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே பேசிவைத்த வேகம்) என்ன என்று எல்லாம் வந்துவிடும். லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை பட்டையில் 144 மெகாபிட் காட்டியது. டெஸ்க்டாப்பில் வைஃபைக்காக இருந்தது ஒற்றை ஆன்டெனா வைத்த சின்ன யுஎஸ்பி டாங்கிள். அதன் உச்சமே 72. அதுவும் நிலையாக இல்லை, அடிக்கடி 43க்கு இறங்கியது.

அந்த இறக்கத்துக்குக் காரணம் பக்கத்திலேயே இருந்தது. டாங்கிளை ஒட்டினாற்போல் யுஎஸ்பி 3 போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தது. யுஎஸ்பி 3 சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேஜை மேலே கொண்டுவந்தேன். 72இல் நின்றுவிட்டது. மொபைலில் வைஃபை அனலைசர் ஆப் வைத்துப் பார்த்தால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் 6ஆம் சேனலில் குவிந்திருந்தன. 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். என்னுடையதை 11க்கு மாற்றினேன். இவ்வளவு செய்தும் காப்பி வேகம் 3.3 எம்பிதான்.

72 மெகாபிட் என்றால் 9 எம்பியாவது வர வேண்டாமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. வைஃபையில் லிங்க் ஸ்பீட் முழுவதும் ஃபைலுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது தரவுத் துண்டுக்கும், காத்திருப்பு, ஒப்புதல் என்று போக, பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறினால் நல்லது. அதைவிடப் பெரிய விஷயம், லேப்டாப் நேராக டெஸ்க்டாப்புக்கு அனுப்புவதில்லை. அடுத்த தெருவுக்குப் போகிற கடிதமும் தபால் நிலையம் போய்த்தான் வரும் என்பதுபோல, எல்லாம் ரூட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு பயணமும் ஒரே சேனலில். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். லேப்டாப் பேசும்போது ரூட்டர் டெஸ்க்டாப்புக்கு அனுப்ப முடியாது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடக் கூடாது என்று ஐபெர்ஃப்3 போட்டு அளந்தேன். டிஸ்க்கையே தொடாமல் மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்பிப் பார்க்கும் இலவச நிரல் அது. ஒரு கணினியில் சர்வராக ஓடவிட்டு, மற்றதிலிருந்து அதன் ஐபி முகவரிக்கு அடிக்க வேண்டும். ஃபயர்வாலில் 5201 போர்ட்டைத் திறந்துவிட மறக்கக் கூடாது. லேப்டாப்பை ரூட்டரில் கேபிளால் இணைத்துவிட்டு டாங்கிளின் பக்கத்தை மட்டும் அளந்தால் 42 மெகாபிட். டெஸ்க்டாப்பைக் கேபிளுக்கு மாற்றி லேப்டாப்பின் பக்கத்தை மட்டும் அளந்தால் 80.

இப்போது கணக்குப் போடலாம். 1000 மெகாபிட் தரவு லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்குப் போக பன்னிரண்டரை நொடி. ரூட்டரிலிருந்து டாங்கிளுக்கு இறங்க கிட்டத்தட்ட 24 நொடி. இரண்டும் சேர்ந்து முப்பத்தாறு சொச்சம். அதாவது நொடிக்கு 27 மெகாபிட், 3.4 எம்பி. காப்பி ஜன்னலில் பார்த்த கிட்டத்தட்ட அதே எண். ஹார்ட் டிஸ்க், ஆன்டிவைரஸ், விண்டோஸ் ஷேரிங் எதன் மேலும் பழி இல்லை என்று அந்த இடத்திலேயே தெளிவாகிவிட்டது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருந்தது. ரூட்டர் டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டையிலும் ஓடும். 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்ததைப் பிரித்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். இரண்டுக்கும் தனித்தனி ரேடியோ என்பதால் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது. காப்பி வேகம் 5 எம்பிக்கு ஏறியது, டாங்கிளின் 42 மெகாபிட்டுக்குச் சரியாக. காசு செலவில்லாமல் ஐந்தரை மணி நேரம் மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. கேபிள் இழுக்க வழியில்லாத வீட்டில் இதை முதலில் செய்யலாம்.

எங்கள் வீட்டில் வயரிங் செய்தபோதே ரூட்டர் இருக்கும் ஹாலிலிருந்து உள்ளறைக்குச் சுவருக்குள் ஒரு லேன் கேபிள் போட்டு வைத்திருந்தார்கள். டெஸ்க்டாப்பை அதில் நிரந்தரமாக மாட்டிவிட்டுக் காப்பி போட்டேன். 11.3 எம்பி. ஏற்ற இறக்கமே இல்லாமல் கோடு போட்டதுபோல் நின்றது. வைஃபை இப்படி நிற்காது. 11 எம்பியில் அசையாமல் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ரூட்டர் போர்ட்டும் கிகாபிட், டெஸ்க்டாப் போர்ட்டும் கிகாபிட். மிச்சம் கேபிள்தான்.

கேபிள் முனையில் இருக்கும் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிபோன்ற அந்த பிளாஸ்டிக்குக்குள் 1, 2, 3, 6 இடங்களில் மட்டும் கம்பி. நீலமும் பிரவுனும் உறைக்குள் மடக்கி விடப்பட்டிருந்தன. எலக்ட்ரீஷியனிடம் கேட்டால், “நெட்டுக்கு நாலு கம்பி போதும் சார்” என்றார். 100 மெகாபிட்டுக்கு அவர் சொன்னது சரி. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பின்னைக் கம்பியோடு அழுத்திப் பொருத்தும் கிரிம்ப்பிங் டூலும் ஆர்ஜே45 பின்னும் வாங்கி இரு முனையையும் வெட்டி மறுபடி போட்டேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை அதிகம் பிரிக்காமல், வெளி உறையும் பின்னுக்குள் போகுமாறு அழுத்துவது முக்கியம். இல்லாவிட்டால் நாளடைவில் தளர்ந்துவிடும். மாட்டியதும் விண்டோஸ் 1 கிகாபிட் காட்டியது.

இப்போது காற்றில் ஒரே பயணம், அதுவும் 5 கிகாஹெர்ட்ஸில். ஹாலில் லேப்டாப்பின் லிங்க் 866 மெகாபிட், ஐபெர்ஃப்3இல் 520 மெகாபிட், காப்பியில் 60 எம்பிக்கு மேல். வீடியோக்கள் சடசடவென்று போய்ச் சேர்ந்தன.

படங்கள் இருந்த ஃபோல்டரில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கியது. சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இது நடக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, மூடி, தேதி பதிந்து என்று இரு கணினிகளும் பலமுறை பேசிக்கொள்ள வேண்டும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி நிரலை எம்டி (/MT) என்ற சுவிட்சோடு ஓட்டினால் ஒரே நேரத்தில் எட்டு ஃபைல்களை அனுப்பும். அதில் கணிசமாகத் தேறியது. இனி வாராந்திர பேக்கப்பும் அதில்தான். டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிட்டேன்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டச் சிரமப்படும். லேப்டாப்பைச் சமையலறைக்குக் கொண்டுபோனால், நடுவில் இரண்டு செங்கல் சுவர், 15 எம்பிதான் வருகிறது. அதனால் பேக்கப் நேரத்தில் லேப்டாப் ஹாலில் இருக்கும். பாக்கி இருப்பது அம்மாவின் பழைய லேப்டாப். அதில் 2.4 மட்டும்தான். உள்ளே இருக்கும் வைஃபை கார்டைக் கழற்றி 5 கிகாஹெர்ட்ஸ் கார்டு போட முடியுமா என்று அடுத்துப் பார்க்கப் போகிறேன். அதுவரை அதன் பேக்கப் இரவில் ஓடும்.