வேண்டாம்மா, அது நஞ்சு

பல்கலைக்கழக முதலாண்டில், திரவத்தை அளந்து எடுக்கும் குழாயான பிப்பெட்டைப் பிடிக்கவே கை நடுங்கும். இப்போது மூன்றாமாண்டு. சனிக்கிழமை காலை, கடல்நீர் வடிந்த நேரமாகப் பார்த்து, முழங்கால் வரை சேற்றில் நின்று குதிரைலாட நண்டுகளை அளந்துகொண்டிருக்கிறேன். நண்டு என்பது பெயரில்தான்; சிலந்தி, தேளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இரத்தம் நீலம், நம் இரத்தத்தில் இரும்பு என்றால் அதன் இரத்தத்தில் செம்பு.

"குழம்பு வைக்கலாமா?" என்றார் அம்மா. மேங்குரோவ் எனும் கடலோரச் சதுப்புக் காட்டில் வாழும் இனத்தில், பஃபர் மீனில் (பேத்தை மீன்) உள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருக்கலாம் என்றேன். அப்புறம் என் காலணிகளைக்கூட சமையலறைப் பக்கம் விடுவதில்லை.

முதல் மாத அளவுகளில் பாதி வீண். சிலவற்றுக்கு வாலையும் சேர்த்து நீளம் அளந்திருக்கிறேன்! பேராசிரியர் திட்டவில்லை, "சரி, மறுபடி போ" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆனால் உண்மையான பயம் வேறு இடத்தில். தமிழ் மன்றத்தினர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு அழைத்துப்போனபோது, தமிழில் விளக்கும் பொறுப்பு எனக்கு. 'மேங்குரோவ்' என்று தொடங்கியதும் ஒரு சிறுமி, "அக்கா, அலையாத்தி" என்று திருத்தினாள். அலையை ஆற்றுவதாம். அன்றிரவே என் ஆய்வேட்டின் அட்டையில் அந்தச் சொல்லை எழுதி வைத்தேன்.