ஜிப்ஸியில் டீசல் டர்போ: ஒன்பது மாத வேலை

குலசேகரத்தைத் தாண்டி பேச்சிப்பாறை போகிற பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஓடைக்கரையிலிருந்து மேலே ஷெட்டுக்கு ரப்பர் பால் கேன் ஏற்றுவது 1997 மாடல் ஜிப்ஸி. 1298 சிசி, கார்பரேட்டர் வண்டி. மேட்டுக்கென்று உள்ள மெதுவான லோ கியரில் போட்டால் ஏறிவிடும். ஆனால் அந்த வேகத்தில் போனால் பால் உறையத் தொடங்குவதற்குள் நாலு நடை முடியாது. சாதாரண ஓட்டத்துக்கான ஹையில் போட்டால் பாதி ஏற்றத்தில் இழுவை செத்துவிடும். டீசல் என்ஜினையே மாற்றிவிடலாம் என்றார் அப்பா. நன்றாக ஓடுகிற என்ஜினைக் கழற்றிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதற்கே ஒரு டர்போ மாட்டிவிடுவது என்று இறங்கினேன். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற சாதனம் அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓடுகிறது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. ரோட்டில் ஓட்டுகிற வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

நாகர்கோவிலில் ஒரு பழைய சாமான் கடையில் 1.3 மல்டிஜெட் டீசலின் டர்போ கிடைத்தது. 75 குதிரைத்திறன் வகையில் வருவது, வேஸ்ட்கேட் வைத்தது, அதாவது மிஞ்சுகிற புகையைச் சுற்றிவிட்டு வெளியே அனுப்பும் சின்னக் கதவு உள்ளது. 90 குதிரைத்திறன் வகையில் புகை சுழற்றுகிற சக்கரமான டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கும். பெட்ரோல் சூட்டில் அவை இறுகிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.

அளவு பொருந்துமா என்று ஒரு கணக்குப் போட்டேன். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். 1248 சிசி டீசல் 4000 சுற்றில், 1 பார் பூஸ்டில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 லிட்டர் காற்றை விழுங்கும். என் 1298 சிசி பெட்ரோல் 5500 சுற்றில், 0.4 பார் பூஸ்டில் விழுங்குவதும் அதே 5000 லிட்டர்தான். காற்று இழுக்கிற பக்கம் கச்சிதம் என்று சந்தோஷப்பட்டுத் தக்கலையில் என்ஜின் வேலை செய்யும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மக்களே, டீசலுக்குள்ள சாதனம் இது. பெட்ரோலுல மாட்டுனா சிவந்து போவும், கேட்டியா” என்றார்.

அவர் சொன்னதுதான் அடுத்த ஒன்பது மாத வேலை. டீசல் புகை முழுச் சுமையிலும் 750, 800 டிகிரிக்குப் பக்கம்தான் வரும். பெட்ரோலில் அது 900-ஐத் தாண்டும். என்னிடம் இருந்த டர்போவில் தண்ணீர் போகிற வழி கிடையாது, நடுப்பகுதியை ஆயில் மட்டுமே குளிர வைக்கிறது. ஏறி முடித்த உடனே சாவியைத் திருப்பினால் பேரிங்கில் நிற்கிற ஆயில் கருகிக் கட்டியாகிவிடும். அதனால் ஷெட்டில் நிறுத்தியதும் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுவது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. பால் கேன் இறக்குகிற நேரம் அதற்குச் சரியாக இருக்கிறது. ஆயிலையும் சிந்தெட்டிக்குக்கு மாற்றினேன்.

என்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டை கனமான இரும்புக் குழாய் வளைவுகளை வெட்டி நாங்களே செய்தோம். அதை என்ஜின் ஹெட்டோடு சேர்க்கும் பிளேட்டை ஹெட்டில் முறுக்கி வைக்காமல் மேசையில் வைத்து வெல்டிங் செய்ததால் முதல் பிளேட் வளைந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தி வாங்கினோம்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஆயில்தான். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு ‘டி’ போட்டு டர்போவுக்கு ஆயில் கொடுத்தாயிற்று. திரும்பி வருகிற குழாயை என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்குக் கொண்டுபோகும்போது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றி கொஞ்சதூரம் படுக்கையாக விட்டுவிட்டேன். முதல் நாளே பின்னால் நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டது என்று நினைத்து மூன்று வாரம் வீணாக்கினேன். சீலில் ஒன்றுமில்லை. டர்போவிலிருந்து வெளியேறும் ஆயில் நுரைத்துப் போய், தன் கனத்தில் மட்டும் இறங்க வேண்டியது. குழாய் அகலமாகவும் செங்குத்தாகவும் இருக்க வேண்டும், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். டர்போவையே கொஞ்சம் உயர்த்தி, குழாயை நேராக்கியதும் புகை நின்றது.

அடுத்தது கார்பரேட்டர். அதை டர்போவுக்கு முன்னால் வைத்தால் வேலை சுலபம்தான். ஆனால் டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் மூடி வெற்றிடம் உண்டாகிற பேச்சே கிடையாது, அதனால் காற்றுப் பக்கத்து சீல் அதைத் தாங்குகிற மாதிரி இருக்காது. காலை எடுத்ததும் ஆயிலை உறிஞ்சிவிடும். எனவே டர்போவுக்குப் பின்னால் வைத்து, மேல்வாயை ஒரு அலுமினியப் பெட்டியால் அடைத்து அதற்குள் காற்றைத் தள்ளினோம். இப்போது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கிற மிதவை அறைக்கும் பூஸ்ட் அழுத்தம் ஏறும். பழைய மெக்கானிக்கல் பம்பு தருவதோ 0.2, 0.3 பார்தான், உள்ளே 0.4 பார் எதிர்த்து நின்றால் பெட்ரோல் எப்படிப் போகும்? எலக்ட்ரிக் பம்பும், பூஸ்ட் ஏற ஏறத் தானும் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும் ரெகுலேட்டரும் வைத்த பிறகுதான் மேட்டில் வண்டி விக்கலெடுக்காமல் ஏறியது. த்ராட்டில் தண்டின் இரு பக்கமும் பெட்ரோல் ஆவி கசிந்ததைப் பார்த்தபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன். சூடான டர்போ ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது. தண்டுக்குப் புது புஷ் போட்டு அடைக்கிற வரை வண்டியை எடுக்கவே இல்லை.

பூஸ்டைக் குறைப்பதும் லேசாக நடக்கவில்லை. டீசலின் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் 1 பாருக்குப் பக்கத்தில் திறக்கிற கடினம். அதைத் திறக்கிற ராடை மரையின் கடைசி வரை தளர்த்தியும் 0.7-க்குக் கீழே இறங்கவில்லை. மெல்லிய ஸ்பிரிங் உள்ள வேறு ஆக்சுவேட்டர், அதாவது அந்த ராடை அசைக்கும் டப்பா, மாட்டியதும் 3000 சுற்றில் 0.4 நின்றது, ஆனால் 5000-ல் தானாக 0.6-க்கு ஏறியது. சூடான பெட்ரோல் புகை விரிந்து வருகிறபோது வேஸ்ட்கேட்டின் சின்ன ஓட்டை அதற்குப் போதவில்லை. கிரைண்டரால் ஓட்டையை அகலப்படுத்தினோம். மூடி உட்காருகிற விளிம்பு மிஞ்ச வேண்டும் என்று அண்ணாச்சி அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரைத்தார்.

பிளக் பொறி விடும் டைமிங்கை 4 டிகிரி பின்னால் தள்ளி, ஒரு படி குளிர்ச்சியான பிளக் போட்டோம். ஏற்றத்தில் கூழாங்கல் உருள்கிற சத்தம் கேட்டால் உடனே கால் எடுக்க வேண்டும். சத்தம் கேட்காவிட்டாலும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போலக் கரும்புள்ளி இருந்தால் உள்ளே நாக்கிங், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது, நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை அப்படிப் பார்த்தேன், இரண்டு தடவையும் பெட்ரோல் கூடுதலாக வர மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வாங்கியது அதற்கப்புறம்தான். பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் இடையில் காட்டுகிறது. முதலிலேயே வாங்கியிருந்தால் எவ்வளவோ பயத்தை மிச்சம் பிடித்திருப்பேன்.

ஜூன் மழையில் ஹையில் இரண்டாம் கியரிலேயே நாலு நடையும் போனது. பால்வெட்டுக்கு வரும் அக்கா, “இன்னைக்கு வண்டி கத்தல்லியே தம்பி” என்றார். ஓணம் முடிந்து டர்போவைக் கழற்றிப் பார்த்தேன். வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவில் முடி அளவு விரிசல் ஒன்று ஓடியிருந்தது. டீசலுக்கு வார்த்த இரும்பு அது. பெட்ரோல் சூட்டுக்கென்று நிக்கல் கலந்து வார்த்த ஹவுசிங் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், அதுவரை பூஸ்ட் 0.3 தான்.