மூடிய ஹோட்டலுக்கும் வேலை உண்டு

மூணாறில் ஹோட்டல் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷம் மாதக் கணக்கில் ஓடாது, சீசன் கணக்கில்தான் ஓடும். ஏப்ரல், மே தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு. மழை மாதங்களில் கொஞ்சம் அரபு நாட்டுக்காரர்கள். அப்புறம் ஓணம், பூஜை லீவு, தீபாவளி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெள்ளைக்காரர்கள். இந்தக் கணக்கு கொரோனாவுக்கு முன்பே தப்ப ஆரம்பித்திருந்தது என்பதை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா என்று செய்தி வந்ததுமே இங்கே புக்கிங் சரிந்தது. அந்த ஆகஸ்டில் வெள்ளம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சி பூத்ததும் அதே வருஷம்தான். பூவை நம்பிக் கடன் வாங்கிப் பெயிண்ட் அடித்து, புது மெத்தை போட்டு வைத்திருந்த ஊர், சாலை துண்டாகி இருட்டில் கிடந்தது. 2019 ஆகஸ்டிலும் மழை விடவில்லை. ஆகவே 2020 பிறந்தபோது பல லாட்ஜுகளும் ஹோம்ஸ்டேக்களும் ஏற்கெனவே பேங்க்காரர் போனுக்குப் பயந்துகொண்டுதான் இருந்தன.

நான் வேலை பார்ப்பது பள்ளிவாசல் பக்கம் ஒரு நடுத்தர ரிசார்ட்டில், ஃபிரண்ட் ஆபீஸில். அப்பா அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளிகள். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் பிறந்து, டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு கவுண்டரில் நிற்கிற பையன்களில் நானும் ஒருவன். இங்கே அது ஒரு முன்னேற்றமாகவே பேசப்படும். கொழுந்துக் கூடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச் 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை டிவியில் மூணாறின் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே அரசு ஹோட்டல் ஒன்றில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் பயணி ஒருவர், தன் குழுவோடு கிளம்பிக் கொச்சி விமானநிலையம் போய்விட்டார். டெஸ்ட் ரிசல்ட் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் அவரை விமானத்திலிருந்து இறக்கினார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் போன் அடித்தது எல்லாமே கேன்சல் பண்ணத்தான். மறுநாள் வெளிநாட்டு முகத்தைக் கண்டாலே கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். அந்த முகங்களுக்காகவே ‘வெல்கம்’ போர்டு எழுதி மாட்டிய கடைகள் அவை. யாரையும் குறை சொல்ல முடியவில்லை, பயம் அப்படி.

லாக்டவுன் வந்ததும் வேலை நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ரிசர்வேஷனில் இருப்பவனுக்கு அப்போதுதான் வேலை கூடியது. மே மாதத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தவர்கள் பணத்தைக் கேட்டார்கள், அது நியாயம். ஏஜென்ட் வழியாக வந்த பணம் ஏஜென்டிடமே நின்றது. எங்களிடம் நேராக வந்த பணம் பிப்ரவரி சம்பளத்திலும் கேஸ் பில்லிலும் கரைந்திருந்தது. “அடுத்த வருஷம் எப்ப வேணா வாங்க சார், அதே ரேட்” என்று ஒரே வாக்கியத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அரைகுறை இந்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து ஒருத்தர், “தம்பி, அடுத்த வருஷம் நான் இருப்பனான்னே தெரியல, நீ ரூமைப் பத்திப் பேசுறே” என்றார். அவருக்கு மட்டும் எப்படியோ பணம் வாங்கிக் கொடுத்தேன்.

சம்பளம் முதலில் பாதியானது, பிறகு ‘திறந்ததும் பார்க்கலாம்’ என்றானது. முதலாளியும் லீஸுக்கு எடுத்து நடத்துகிறவர். லீஸ் தொகை, கரண்டுக்கான ஃபிக்ஸட் சார்ஜ், லோன் மூன்றும் விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் கடைசி வரை தவணையைத் தள்ளிக் கொடுத்தது, ஆனால் வட்டி நிற்கவில்லை. லோனில் கார் எடுத்திருந்த டிரைவர் அண்ணன்மார்களுக்கு இது தெரியவந்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. மூணாறில் எத்தனையோ லீஸ்காரர்கள் சாவியைக் கட்டட முதலாளி கையில் கொடுத்துவிட்டு மலை இறங்கினார்கள்.

மூடிப் போட்ட ஹோட்டலைச் சும்மா விடவும் முடியாது, இது மூணாறு. ஜூனில் மழை பிடித்தால் வெயில் முகம் காட்ட எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. ஆள் தங்காத அறையில் பூஞ்சை எப்படி வரும் என்பதை அந்த மழைக்காலத்தில்தான் கிட்டே இருந்து பார்த்தேன். முதலில் அலமாரியின் பின்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், மாவு தூவியது மாதிரி. பிறகு நாற்காலியின் ரெக்ஸின், டிவி ரிமோட்டின் பட்டன் இடுக்கு. கடைசியாக மெத்தையின் சுவரோரப் பக்கம். அங்கே வந்துவிட்டால் மெத்தை போச்சு.

ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற அக்கா ஒருவர், செக்யூரிட்டி அண்ணன், நான் என்று மூன்று பேர்தான் ஆள் மாற்றி ஆள் இருந்தோம். அக்காவின் ஏற்பாடு இப்படி: மெத்தைகளை எல்லாம் தூக்கிச் சுவரில் படாமல் நாற்காலி மேல் சாய்த்து நிறுத்தணும். மழை விட்ட நேரம் பார்த்து ஜன்னல் திறக்கணும், மஞ்சு இறங்குவதற்குள் மூடணும். ஒவ்வொரு குளியலறையிலும் குழாயைத் திறந்துவிட்டு, ஃப்ளஷ் பண்ணி, தரை ஓட்டையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றணும். அந்த வளைவுக் குழாயில் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் நேராக அறைக்குள் ஏறும். கீசரையும் அவ்வப்போது போட்டு, கிடை தண்ணீரை வெளியேற்றணும். அலமாரி உள்பக்கத்துக்குக் கிச்சனில் மீந்த வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்து, விருந்தினருக்கு வைத்திருந்த ஹேர் டிரையரால் காய வைப்பார். நாற்பது அலமாரிக்கும் இப்படியே. ஜெனரேட்டரை வாரம் ஒரு தரம் ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். வயரை எலி கடிக்கும். புல்தரையில் அட்டை.

ராத்திரியில் யானை வரும். டவுன் வெறிச்சோடிக் கிடந்ததால் கொம்பன்கள் கடைத்தெரு வரை இறங்கிப் பழக்கடையைத் துழாவிவிட்டுப் போன வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது’ என்று கவிதையாகப் பகிர்ந்தார்கள். பழக்கடைக்காரருக்கு யார் நஷ்டஈடு கொடுத்தார்கள் என்று எந்தக் கவிதையிலும் இல்லை.

வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கேரள அரசு ரேஷன் கடை வழியாக இலவச கிட் கொடுத்தது, முதல் கிட்டில் பதினேழு பொருள். அது உதவியது. ஆனால் எங்களைத் தாங்கியது அம்மாவின் எஸ்டேட் கூலி. லாக்டவுன் தொடக்கத்தில் நின்ற எஸ்டேட் வேலை, ஏப்ரலிலேயே ஆள் குறைத்து, தள்ளித் தள்ளி நிறுத்தித் தொடங்கிவிட்டது. கொழுந்தை உரிய நாளில் எடுக்காவிட்டால் முற்றிப்போகும், செடி கைமீறும். நாங்கள் ஏளனமாகப் பார்த்த வேலை அது. 2015-இல் பெண்கள் கூட்டமாகச் சாலையில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிறுத்திப் போராடிக் கூட்டிய கூலி அது. குறைந்த கூலிதான், ஆனாலும் வந்துகொண்டே இருந்தது. டை கட்டிய பையன்கள், டிரைவர்கள், கைடுகள், சமையல்காரர்கள் எல்லோரும் அந்த லயத்து ஒற்றை அறைக்கே திரும்பிப் போய் அம்மா சம்பளத்தில் சாப்பிட்டார்கள். சுற்றுலா வந்து எஸ்டேட் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று மேடையில் பேசுவார்கள். 2020-இல் நடந்தது நேர்மாறானது.

லயத்தில் இத்தனை பேர் ஒன்றுகூடியதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர். கரண்டும் இல்லை, போனும் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. பள்ளி, கல்லூரி மூடியதால் வீட்டிலிருந்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், எங்கள் விருந்தினரை ஏற்றிப் போனவர்கள். தமிழ்நாட்டில் கயத்தாறு பக்கம் இருந்த அவர்களின் சொந்தங்கள் இ-பாஸ் போட்டு, செக்போஸ்ட்டில் காத்திருந்து வந்தார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்டோபரில் சுற்றுலாவுக்கு அனுமதி கிடைத்தது. ஏழு நாளுக்குள் திரும்புகிறவர்களுக்குத் தனிமை வேண்டாம், கேரள அரசின் கொரோனா பதிவுத் தளமான ஜாக்ரதா போர்ட்டலில் பதிந்தால் போதும் என்றார்கள். சரி, திறந்துவிட்டோம், கூட்டம் வரும் என்று பார்த்தால் போடிமெட்டிலும் குமுளியிலும் பாஸ் கேட்டு நிறுத்துவார்கள் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் தயங்கினார்கள். எங்கள் ஊருக்குப் பாதி உயிர் அந்தப் பக்கத்து வண்டிகள். தேவிகுளத்தைத் தாண்டி கேப் ரோடும் மண் சரிந்து கிடந்தது. முதலில் வந்தவர்கள் எர்ணாகுளம், திருச்சூர் பையன்கள், பைக்கில். ஒரு ராத்திரி தங்குவார்கள், மாஸ்க் போடச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் பின்னால் சானிடைசர் பாட்டிலோடு ஓடியது என் பணி அனுபவத்தில் தனி அத்தியாயம்.

அந்தச் சமயத்தில் ஊரிலேயே புத்தியாக யோசித்தது கேரள அரசு பஸ் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.யின் மூணாறு டிப்போதான் என்பேன். ஓடாத பழைய பஸ்ஸில் படுக்கை அடித்து, தலைக்கு நூறு ரூபாய் என்று நவம்பரில் வாடகைக்கு விட்டார்கள். ஜனவரியில் டாப் ஸ்டேஷன் வரை சுற்றிக் காட்டும் பஸ்ஸும் விட்டார்கள். ரிசார்ட் முதலாளிகள் முகம் சுளித்தார்கள். காசு குறைவாக இருக்கிற ஆள்தான் முதலில் துணிந்து கிளம்புவான் என்பதை அந்த டிப்போ கண்டுகொண்டது, நாங்கள் காணவில்லை.

2021 மே மாதம் மறுபடி பூட்டு. இந்த முறை அக்கா எங்களுக்கு எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, மெத்தைகள் முதல் நாளே எழுந்து நின்றன. வயநாட்டில் வைத்திரி, மேப்பாடிப் பக்கம் சுற்றுலாத் தொழிலாளர்களுக்கு முதலில் ஊசி போட்டு ஊரைத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கும் ஊசி முகாமுக்கு வரிசையில் நின்றோம். ஆகஸ்டில் திறந்தபோது விருந்தினருக்கும் ஒரு டோஸ் சர்டிபிகேட்டோ, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டோ வேண்டும். ஆதார் கார்டை நீட்டுகிறவரிடம் ஊசிக் கார்டையும் கேட்பது, என்னவோ போலீஸ் வேலை மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எண்ணிக்கையில் எல்லாம் மீண்டுவிட்டது என்றே சொல்வார்கள். 2019-இல் கேரளத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1.84 கோடி, 2020-இல் 50 லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே, 2022-இல் 1.88 கோடி. பழைய உச்சத்தைத் தாண்டியாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் 2019-இல் 11.89 லட்சம், 2021-இல் 60 ஆயிரம் சொச்சம். 2022-இல் மூன்றரை லட்சத்தை ஒட்டி வந்தார்கள். கவுண்டரில் நிற்பவனுக்கு இந்த இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம் அன்றாட விஷயம். வெள்ளைக்காரர் மூன்று ராத்திரி தங்குவார், செவ்வாயோ புதனோ பார்க்க மாட்டார், கைடு வைத்துத் தேயிலைக் காட்டுக்குள் நடப்பார். இப்போது வருகிறவர்கள் சனிக்கிழமை மதியம் மொத்தமாக வந்து ஞாயிறு மதியம் மொத்தமாகப் போகிறார்கள். சனிக்கிழமை மாட்டுப்பெட்டி ரோட்டில் வண்டி நகராது. புதன்கிழமை எங்கள் டைனிங் ஹாலில் மின்விசிறிச் சத்தம்தான். ஃபிரெஞ்சும் ஜெர்மனும் கேட்டுக் கேட்டே பேசப் பழகிய கைடு அண்ணன் ஒருத்தர், இன்று வட்டவடையிலிருந்து கேரட் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எக்கோ பாயின்ட்டில் போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்.

சமையல்காரர்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. சிலர் வளைகுடா போனார்கள், சிலர் சொந்த ஊரில் சின்னதாகப் பரோட்டாக் கடை போட்டார்கள். முதலாளிகள் ‘ஆள் கிடைக்கல’ என்று புலம்புகிறார்கள். ஆள் இருக்கிறார்கள், நம்பிக்கைதான் இல்லை.

எங்கள் அக்காவும் வரவில்லை. மாமியார் ரிட்டயர் ஆனதும் அந்த எஸ்டேட் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒருவராவது வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு நிலைக்கும். முதலாளி சொல்லி நானே போய்க் கூப்பிட்டேன். சம்பளம் எஸ்டேட்டைவிடக் கூட என்றேன். சாயா போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கூடத்தான் தம்பி. மழை மாசத்துக்கும் சேத்து எழுதிக் குடுக்கச் சொல்லு, பி.எப். போடச் சொல்லு, நாளைக்கே வர்றேன். வீட்டுக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

முதலாளியிடம் அப்படியே சொன்னேன். மழை மாதத்துக்கு எப்படி எழுதிக் கொடுப்பது, யார் வரப்போகிறார்கள் அப்போது என்று கேட்டார். அக்கா இடத்தில் இப்போது அஸ்ஸாம் பையன்கள் இரண்டு பேர். ஜூன் பிறந்ததும் அவர்களைச் சம்பளம் இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். போன மழையில் நான்கு மெத்தை போனது.