பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதும்போது

போர் நடக்கும் பகுதியில் ஊட்டச்சத்து, சுகாதாரத் திட்டங்களை ஒருங்கிணைக்கிற வேலை என்று சொன்னால், பயமாக இருக்காதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது சிகிச்சைப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் 'வரவில்லை' என்கிற சொல்தான்.

கொஞ்சம் விளக்குகிறேன். ஆறு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேற்கையை ஒரு வண்ண நாடாவால் அளப்போம். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. 11.5க்கும் 12.5க்கும் நடுவில் என்றால் மஞ்சள், மிதமான குறைபாடு. இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்த பிறகு குழி அப்படியே நின்றால் அது வீக்கம், நாடா எந்த நிறம் காட்டினாலும் அதுவும் கடும் வகைதான். சிவப்பில் இருக்கும் குழந்தைக்குச் சாப்பிடப் பசி இருந்து, வேறு நோய்ச் சிக்கலும் இல்லையென்றால் வீட்டில் வைத்தே தேற்றலாம். நிலக்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள் சேர்த்த பசை ஒன்று இருக்கிறது, பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், பிரித்து அப்படியே ஊட்டலாம். நல்ல தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! 1990களின் நடுவில் இது வருவதற்கு முன்பு, இப்படிப்பட்ட குழந்தையை வாரக்கணக்கில் உள்நோயாளியாகப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு குழந்தையைத் தேற்ற ஏறக்குறைய ஒரு பெட்டி, 150 பாக்கெட், போதும்.

சரி, அப்புறம் ஏன் குழந்தைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள்?

உதவி துண்டு துண்டாக வருகிறது, அதனால்தான். 2005-ல் ஐ.நா. மனிதாபிமான உதவியைத் துறைவாரியாகப் பிரித்தபோது ஊட்டச்சத்துக்கு யூனிசெஃப், சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் என்று தலைமை கொடுத்தார்கள். சிவப்புக் குழந்தைக்கான பொருள் பெரும்பாலும் யூனிசெஃப் வழியாகவும் மஞ்சள் குழந்தைக்கானது உலக உணவுத் திட்டம் வழியாகவும் வரும். எதற்கு யார் பொறுப்பு என்றே தெரியாமல் எல்லோரும் ஒரே ஊருக்கு லாரி அனுப்பிக்கொண்டிருந்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் குழந்தை ஒன்றுதானே.

ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியாது. பசை வாங்க ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்தார், பையனுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, பார்த்தாலே தட்டம்மை என்று தெரிந்தது. எங்கள் கூடாரத்தில் நாடாவும் பசையும் இருந்தன, மருந்து இல்லை. மருத்துவக் குழு உட்காருவது வியாழக்கிழமை, அதுவும் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். அவர் அங்கேயும் போகவில்லை, அடுத்த வாரம் எங்களிடமும் வரவில்லை. எங்கள் ஊழியர் தேடிப் போனபோது அந்தக் குடும்பம் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள், துப்பாக்கிக்காரர்களைக் கடந்து வா என்று நாங்கள் ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறோம். இதில் அவர் தவறு எங்கே இருக்கிறது?

ஊட்டச்சத்தும் நோயும் வெவ்வேறு பிரச்சினை என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும். மெலிந்த குழந்தையைத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் எளிதில் சாய்க்கும், அந்த நோய்கள் குழந்தையை மேலும் மெலியவைக்கும். தட்டம்மை உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏ-யையும் தீர்த்துவிடும். பசை மட்டும் கொடுத்துவிட்டுத் தடுப்பூசி போடாமல் அனுப்பினால், அதே அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தக் குழந்தை திரும்பவும் சிவப்பில் வந்து நிற்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் சாதாரணமானவைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. மருத்துவக் குழுவும் ஊட்டச்சத்துக் குழுவும் ஒரே நாள், ஒரே இடம். தடுப்பூசிக் குளிர்பெட்டியும் அதே வண்டியில். குழந்தைக்கு ஒரே அட்டை, எந்த அமைப்பின் சின்னமும் இல்லாமல் (இந்தச் சின்ன விஷயத்துக்கு நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல). பாதை அடைபடும் என்று தெரிந்தால் ஒரு வாரத்துக்குப் பதில் நான்கு வாரப் பசையைச் சேர்த்தே கொடுத்துவிடுவது. நாடாவை அம்மாக்கள் கையிலேயே கொடுத்து அளக்கக் கற்றுக்கொடுப்பது. அவர்கள் நன்றாகவே அளக்கிறார்கள், எங்களுக்கு முன்பே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆயுதம் வைத்திருப்பவர்களிடம் பேசுவதும் இந்த வேலைதான். 1985-ல் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரண்டு தரப்பும் துப்பாக்கியை இறக்கிவைத்த நாட்கள் உண்டு. 2018-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417-ஆம் தீர்மானத்தில், மக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தது. சாவடியில் நிற்கும் இளைஞனுக்கு இந்தத் தீர்மானம் தெரியாது, ஆனால் அவனுடைய தளபதியிடம் பேசும்போது எனக்கு அது உதவியிருக்கிறது.

நல்ல மனதோடு பால்மாவு டின்களை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: தயவுசெய்து வேண்டாம். சுத்தமான தண்ணீரும் புட்டியைக் கொதிக்கவைக்க அடுப்பும் இல்லாத இடத்தில், கண்டபடி கொடுத்த பால்மாவு கைக்குழந்தையைக் கொல்லும். அந்தப் பணத்தில் பால் கொடுக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுங்கள்.

சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்கள் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது, மனிதாபிமான உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின் அளவு. நாங்கள் அதற்குள் வந்த மாதத்தில் அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனாலும் எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் இப்போதும் பெயர்களில்தான் தொடங்குகிறது: போன வாரம் வராத குழந்தைகள் யார் யார், அவர்களைப் போய்ப் பார்த்தது யார்?