உடைத்துப் போட்ட கல்லைப் பார்க்கப் போனோம்

வழி, செலவு எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. முதலில் கல், 'சிங்கப்பூர்க் கல்'.

போன டிசம்பரில் அம்மாவோடு வயநாட்டு எடக்கல் குகைக்கு ஏறியிருந்தேன். புதிய கற்கால மனிதர்கள் பாறையில் ஆழமாகக் கீறிய உருவங்கள், தலையில் பெரிய அலங்காரத்தோடு, இன்றும் அப்படியே நிற்கின்றன. "உங்க சிங்கப்பூர்ல இப்படி ஒண்ணும் இல்லையா?" என்று அம்மா கேட்டார். அவ்வளவு பழசு இல்லை, ஆனால் இருந்தது.

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் உயரப் பாறை, அதில் சுமார் 50 வரி எழுத்து. 1843-இல் கோட்டை கட்ட இடம் வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஐம்பது வரி! யாரும் படித்து முடிக்காத ஐம்பது வரி! ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைக் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1918-இல் ஒன்று திரும்பி வந்தது. தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது அதுதான்.

மணற்கல். வரிவரியாகச் சின்னச் சின்ன வளைவுகள். தேய்ந்து தேய்ந்து, எது எழுத்து, எது கல்லின் சொரசொரப்பு என்றே பிடிபடவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கொஞ்சம் எழும்புகிறது. அம்மா காற்றில் விரலால் எழுதிப் பார்த்து, "இது நம்ம 'வ' மாதிரி இல்ல?" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. 2019-இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், ஓரிடத்தை 'கேசரிவ' என்று படிக்கலாம், அது பரகேசரிவர்மன் என்ற சோழர் பட்டத்தின் துண்டாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். உறுதியான வாசிப்பு இதுவரை இல்லை. பழைய ஜாவா மொழி, சமஸ்கிருதம் என்றும் கருத்துகள் உண்டு. மிச்சக் கல் இருந்திருந்தால் இந்தச் சண்டையே இருக்காதே!

அப்புறம் செலவு. சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் கொட்டிய மழையில் வாடகைக் காருக்கு 34 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அம்மாவின் முழங்காலுக்காகக் கொடுத்தேன். பாதி வழியில் மழை நின்றுவிட்டது, வயிறு எரிந்தது. நீங்கள் எம்ஆர்டி ரயிலில் போங்கள், பென்கூலன் நிலையம் பக்கம்தான். நிரந்தரவாசி என்பதால் எனக்கு நுழைவு இலவசம், அம்மாவுக்கு மட்டும் சீட்டு.

மதியம் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஆட்டிறைச்சி பிரியாணி. எலும்பைத் தொட்டாலே கறி கழன்று வந்தது. அன்று கொடுத்த காசில் மனசார கொடுத்தது அதற்குத்தான்.

சாப்பிட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "கல்கத்தாவுக்குப் போன மத்த துண்டெல்லாம்?" இரவிலிருந்து விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.